டோர்டோன் பக்கம் அஞ்சு நாள்: எங்க தங்கறது, எதைப் பாக்கறது, சைவத்துக்கு என்ன வழி

மே மாசம் பாரிஸ்ல தங்கச்சி வீட்டுக்கு வர்றீங்க, அம்மா அப்பாவும் கூட வர்றாங்க, நடுவுல அஞ்சு நாள் எங்கயாவது பிரான்ஸ் கிராமம் பக்கம் போய் இருக்கணும், எல்லாரும் டோர்டோன் டோர்டோன்னு சொல்றாங்க அங்க அப்படி என்ன இருக்கு, அம்மாவுக்கு மூட்டு வலி, வீட்ல சுத்த சைவம், சரிப்பட்டு வருமான்னு கேட்டிருந்தீங்க. நான் தென்மேற்கு பிரான்ஸ்ல போர்தோ நகரத்துல பதினோரு வருஷமா இருக்கேன், அங்கிருந்து அந்தப் பக்கம் ரெண்டு மணி நேரத்துல போயிடலாம்ங்கறதால வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை போயிட்டு வர்றேன். சரிப்பட்டு வரும். ஆனா கார் வேணும், ஒரே ஊர்ல அஞ்சு ராத்திரியும் தங்கணும், சைவத்துக்கு கொஞ்சம் ஏற்பாடு பண்ணிட்டுப் போகணும். இந்த மூணும் முடியாதுன்னா வேற இடம் பாருங்க, உண்மையிலேயே சொல்றேன்.

முதல்ல பேர் குழப்பத்தை முடிச்சிடுவோம். டோர்டோன்ங்கறது ஒரு ஆறு, கிட்டத்தட்ட 480 கிலோமீட்டர் ஓடி போர்தோவுக்குக் கீழ கரோன் ஆத்தோட சேர்ந்துக்கும். அந்த ஆத்துப் பேரைத்தான் 1790ல பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு மாவட்டத்துக்கும் வச்சாங்க. அதுக்கு முன்னாடி இருந்த பேர் பெரிகோர், ஊர்க்காரங்க இன்னும் அப்படித்தான் சொல்றாங்க, ஹோட்டல் மெனுவுலயும் அதுதான் இருக்கும். இந்தப் பெரிகோரை நாலு கலரா பிரிச்சு வச்சிருக்காங்க. வடக்க காடும் புல்வெளியுமா இருக்கறது பச்சை, நடுவுல வெள்ளைப் பாறை தெரியற பெரிகே நகரம் பக்கம் வெள்ளை, மேற்க பெர்ஜெராக் திராட்சைத் தோட்டம் ஊதா, தென்கிழக்குல சர்லா ஊரைச் சுத்தி அடர்ந்த ஓக் காடு இருக்கற பகுதி கருப்பு. ஊதா சுற்றுலாவுக்காக பின்னாடி சேர்த்துக்கிட்டது. அஞ்சு நாளைக்கு நாலு கலரையும் தொட்டுட்டு வரணும்னு நினைச்சீங்கன்னா கார்லயே உக்காந்திருப்பீங்க, மாவட்டம் 9000 சதுர கிலோமீட்டருக்கு மேல. கருப்பு பெரிகோர் மட்டும் போதும், அதுலயே வெசேர் ஆத்துப் பள்ளத்தாக்கு ஒண்ணு, டோர்டோன் ஆத்துப் பள்ளத்தாக்கு ஒண்ணு, ரெண்டுக்கும் நடுவுல கார்ல அரை மணி நேரம்தான்.

என்னைக் கேட்டா இந்த ஊரைப் புரிஞ்சுக்க ஒரே ஒரு விஷயம் தெரிஞ்சா போதும், அது சுண்ணாம்புக்கல். மழைத்தண்ணி அந்தக் கல்லை அரிச்சு அரிச்சு குகையாக்குச்சு, ஆறு அதை வெட்டி செங்குத்தா பாறைச்சுவரா நிறுத்துச்சு, பாறைக்கு அடியில இடுக்குல மழை படாம மனுஷன் குடியிருந்தான், பின்னாடி வந்தவன் அதே பாறை மேல கோட்டை கட்டினான், அதே கல்லை வெட்டி வீடு கட்டினான், அந்த வீடுதான் சாயங்கால வெயில்ல தேன் கலர்ல மின்னும், நீங்க போட்டோவுல பாத்தது அதுதான். ஓட்டுக்குப் பதிலா தட்டைத் தட்டையா கல்லையே அடுக்கி வச்ச கூரை இருக்கும், அதுக்குப் பேர் லோஸ், ஒரு சதுர மீட்டருக்கே நூத்துக்கணக்குல கிலோ எடை வரும், இப்ப அதை அடுக்கத் தெரிஞ்ச ஆளுங்க கம்மி. இவ்வளவு ஏன், அங்க விளையற கருப்பு ட்ரஃபிள் காளானுக்கும் சுண்ணாம்பு மண்ணுதான் வேணும், ஓக் மர வேர்ல ஒட்டி மண்ணுக்கடியில வளரும், நாயை விட்டு மோப்பம் பிடிச்சு எடுப்பாங்க. அது குளிர்கால விஷயம், மே மாசம் யாராவது புது ட்ரஃபிள்னு விலை சொன்னா வாங்காதீங்க.

இப்ப குகை. வெசேர் பள்ளத்தாக்குல இருக்கற வரலாற்றுக்கு முந்தைய இடங்களை 1979லயே யுனெஸ்கோ பட்டியல்ல சேர்த்துட்டாங்க. லெஸேஸின்னு ஒரு குட்டி ஊர், ஒரே தெரு, மேல பாறை குடை மாதிரி கவிஞ்சு நிக்கும். குரோமக்னான் மனுஷன்னு ஸ்கூல்ல படிச்சிருப்பீங்க இல்ல, அந்த எலும்புகளை 1868ல ரயில் பாதை வேலை நடக்கும்போது கண்டெடுத்தது இந்த ஊர்லதான், குரோமக்னான்ங்கறது அந்தப் பாறை இடுக்கோட பேர். தேசிய வரலாற்றுக்கு முந்தைய கால மியூசியமும் இங்கதான், பாறைச் சுவரோட ஒட்டிக் கட்டியிருக்காங்க. கல் ஆயுதம் வரிசை வரிசையா அடுக்கி வச்சிருப்பாங்க, ஆர்வம் இருந்தா ஒரு மணி நேரம், இல்லன்னா மாடியில நின்னு பள்ளத்தாக்கைப் பாத்துட்டு இறங்கிடலாம்.

எல்லாரும் கேக்கறது லாஸ்கோ. 1940 செப்டம்பர்ல மொந்தின்யாக் ஊர் பையன் மார்செல் ரவிதா, பதினெட்டு வயசு, கூட மூணு பசங்களோட காட்டுல இருந்த ஒரு பொந்துக்குள்ள இறங்கிப் பாத்தா சுவர் முழுக்க காளை, குதிரை, மான். 1948ல மக்களுக்குத் திறந்துவிட்டாங்க, தினம் ஆயிரம் பேருக்கு மேல உள்ள போய் மூச்சு விட்டு மூச்சு விட்டு சுவர்ல பச்சையா பாசி பிடிக்க ஆரம்பிச்சிடுச்சு, பதினைஞ்சே வருஷத்துல, 1963ல, அப்ப கலாச்சார மந்திரியா இருந்த ஆந்த்ரே மால்ரோ மூடிட்டாரு. அதுக்கப்புறம் நாம பாக்கறதெல்லாம் நகல்தான். 1983ல குகையோட முக்கியமான பகுதிகளை மட்டும் செஞ்சாங்க, 2016 டிசம்பர்ல மொந்தின்யாக்ல கிட்டத்தட்ட மொத்தக் குகைக்கும் நகல் எடுத்து பெரிய கண்ணாடிக் கட்டடத்துக்குள்ள திறந்தாங்க, அதுக்கு லாஸ்கோ நாலுன்னு பேர். நகல் பாக்க அவ்வளவு தூரம் போகணுமான்னு கேப்பீங்க, நானும் முதல் தடவை மூஞ்சைத் தூக்கி வச்சுக்கிட்டுதான் போனேன். ஆனா இருட்டுல தலைக்கு மேல அஞ்சு மீட்டருக்கும் நீளமா ஒரு காளை நிக்குது பாருங்க, அந்த நேரத்துல நகலாவது அசலாவது ஒண்ணும் ஞாபகம் வராது. கைடு ஒரு விஷயம் சொன்னாரு, அந்த ஆளுங்க சாப்பிட்ட எலும்புல பெரும்பாலும் ரெய்ண்டீர்தான் கிடைச்சிருக்கு, ஆனா அந்தக் குகையில ரெய்ண்டீர் படம் ஒண்ணே ஒண்ணுதான் இருக்காம், மத்ததெல்லாம் குதிரை, காளை, மான். சமைக்கறது ஒண்ணு, கனவு காண்றது வேற ஒண்ணு போல.

அசல்தான் வேணும்னா ஃபோன் த கோம், லெஸேஸி ஊர் விளிம்புலயே இருக்கு. பல வண்ணத்துல தீட்டின குகை ஓவியத்துல மக்களுக்கு இன்னும் திறந்திருக்கறது இது மாதிரி வேற அதிகம் இல்ல. இதை 1901ல கண்டுபிடிச்சு சொன்னவர் தெனி பெய்ரோனின்னு உள்ளூர் ஸ்கூல் வாத்தியார். காட்டெருமையோட முதுகு வளைவு இருக்கு பாருங்க, பாறையில இயற்கையாவே புடைச்சிருக்கற இடத்தைப் பாத்து அதையே முதுகா வச்சு வரைஞ்சிருக்கான், கைடு டார்ச்சை சாய்ச்சுப் பிடிச்சா அது மூச்சு விடற மாதிரி இருக்கும். ஒரு நாளைக்கு நூறு பேரைக் கூட விடமாட்டாங்க, அதனால விமான டிக்கெட் போட்ட கையோட இதுக்கும் முன்பதிவு பாத்துடுங்க. அம்மாவுக்கு மட்டும் யோசிங்க, டிக்கெட் கவுண்டர்ல இருந்து குகை வாசல் வரைக்கும் மேடு ஏறணும், உள்ளயும் வழி ஒடுக்கம்.

அவங்களுக்கு ரூஃபின்யாக் குகைதான் சரி. குட்டி எலக்ட்ரிக் ரயில்ல உக்கார வச்சு உள்ள ஒரு கிலோமீட்டர் கூட்டிட்டுப் போவாங்க, மாமத் யானை மட்டும் 150க்கு மேல வரைஞ்சிருக்கு, பழைய கரடிங்க குளிர்காலத்துக்கு வந்து தூங்கின குழிகூட தரையில அப்படியே இருக்கும், சுவர்ல நகத்தால கீறின கோடு இருக்கும். அப்புறம் மேற்கூரையில மாமத்துக்கு மேலேயே ரெண்டு மூணு நூற்றாண்டுக்கு முன்னாடி வந்த ஆளுங்க மெழுகுவத்திப் புகையில அவங்கவங்க பேரை எழுதி வச்சிட்டுப் போயிருக்காங்க, அந்த வியாதி எந்த ஊர்லயும் விடாது. உள்ள எப்பவும் 13 டிகிரிதான், வெளிய வெயில் அடிச்சாலும் ஸ்வெட்டர் எடுத்துக்கோங்க, பெரியவங்களுக்கு ஷால். மூணு குகையும் பாக்காதீங்க, ரெண்டு போதும், மூணாவது குகையில கண்ணு எதையும் வாங்காது.

டோர்டோன் ஆத்துப் பக்கம் வந்தா கதை மாறும், இது கோட்டை நாடு. பெய்நாக், காஸ்தெல்நோன்னு ரெண்டு கோட்டை, ஆத்துக்கு ரெண்டு பக்கமும் எதிர் எதிரா மலைமேல நின்னு ஒண்ணையொண்ணு முறைச்சுக்கிட்டே இருக்கும். 1152ல இந்தப் பக்கத்தையெல்லாம் ஆண்ட அகித்தேன் சீமாட்டி எலியனோர் ரெண்டாவது கல்யாணம் பண்ணிக்கிட்ட ஹென்றி ரெண்டே வருஷத்துல இங்கிலாந்து ராஜா ஆயிட்டாரு, அதனால பிரான்ஸோட இந்தத் தென்மேற்கு மூலை இங்கிலாந்து ராஜாங்க கையில போயிடுச்சு, அதுல ஆரம்பிச்ச தகராறு 1337ல நூறாண்டுப் போரா வெடிச்சு, இங்கிருந்து மேற்க ஆத்தோடவே போனா வர்ற காஸ்தியோன்ல 1453ல முடிஞ்சுது. அந்தக் காலத்துல பெய்நாக் பிரெஞ்சு ராஜா பக்கம், காஸ்தெல்நோ பெரும்பாலும் இங்கிலீஷ்காரன் பக்கம், பல தடவை கை மாறியிருக்கு. காஸ்தெல்நோவுல மத்தியகாலப் போர் மியூசியம் இருக்கு, கல் எறியற பெரிய பொறி எல்லாம் நிஜ அளவுல செஞ்சு நிறுத்தியிருக்காங்க, குழந்தைங்க இருந்தா அங்கிருந்து கிளம்பவே விடாதுங்க. பெய்நாக்குக்கு ஆத்தங்கரையில இருந்து நடந்து ஏறினா பெரியவங்களுக்கு முட்டி போயிடும், ஊரைச் சுத்தி மேல வரைக்கும் கார்ல போற ரோடு இருக்கு, மேல நிறுத்திக்கலாம். வேடிக்கை என்னன்னா போரெல்லாம் முடிஞ்சு ஐநூறு வருஷம் ஆனப்புறம் இங்கிலீஷ்காரங்க திரும்பி வந்து கத்தியே இல்லாம வீடு வீடா விலைக்கு வாங்கிட்டாங்க. இப்ப பெர்ஜெராக் சின்ன ஏர்போர்ட்டுக்கு வர்ற விமானம் பாதிக்கு மேல பிரிட்டன்ல இருந்துதான், நமக்கு லாபம், நிறைய இடத்துல இங்கிலீஷ்ல பேசி சமாளிச்சுக்கலாம்.

காஸ்தெல்நோவுக்குப் பக்கத்துலயே மிலாந்த் மாளிகை. மத்ததை விட்டாலும் இதை விடாதீங்க. அமெரிக்காவுல கறுப்பின ஏழைக் குடும்பத்துல பொறந்து பாரிஸ் மேடையையே ஆட்டி வச்ச ஜோசஃபின் பேக்கர் 1930கள் கடைசியில இதை வாடகைக்கு எடுத்தாங்க, போர்க் காலத்துல ஜெர்மானியருக்கு எதிரா ரகசிய வேலை பாத்தாங்க, 1947ல மாளிகையை விலைக்கே வாங்கினாங்க. பல நாட்டுல இருந்து பன்னிரண்டு குழந்தைகளைத் தத்தெடுத்து இங்கதான் வளத்தாங்க. மனுஷங்க எந்த நிறமா இருந்தாலும் அண்ணன் தம்பியா ஒரே வீட்ல இருக்க முடியும்னு காட்டணும்னு ஆசை, அதுக்காக ஊரையே பொழுதுபோக்குக் கிராமமா மாத்திப் பணத்தைக் கொட்டி, கடன்ல மூழ்கி, 1960கள் முடியறப்ப மாளிகையே கையை விட்டுப் போச்சு. காலி பண்ண மாட்டேன்னு சமையலறை வாசப்படியில மழையில போர்வையைப் போத்திக்கிட்டு உக்காந்திருக்கற போட்டோ ஒண்ணு இருக்கு, அதைப் பாத்துட்டு மேல ரூம்ல இருக்கற மின்னுற டிரெஸ் எல்லாம் பாத்தா மனசு என்னவோ பண்ணும். 2021 நவம்பர் 30ஆம் தேதி நாட்டோட பெரிய மனுஷங்களை அடக்கம் பண்ற பாரிஸ் பாந்தியோன்ல அவங்களுக்கு இடம் குடுத்தாங்க, அந்த மரியாதை கிடைச்ச முதல் கறுப்பினப் பெண் அவங்கதான், உடலுக்குப் பதிலா சவப்பெட்டியில வச்ச மண்ணுல இந்த மிலாந்த் மண்ணும் ஒரு பிடி.

எதிர்க் கரையில லா ரோக் கஜாக், பாறைக்கும் ஆத்துக்கும் நடுவுல நசுங்கி ஒரு வரிசை வீடு. 1957ல பாறை பேந்து விழுந்து வீடுங்க நொறுங்கி ஆளுங்களே செத்திருக்காங்க, அண்ணாந்து பாத்தா அந்தப் பேந்த இடம் வேற நிறமா இன்னும் தெரியும். இங்கிருந்து கபார்னு சொல்ற அடி தட்டையான மரப்படகுல ஒரு மணி நேரம் சுத்திக் காட்டுவாங்க, அம்மா அப்பாவுக்கு இதுதான் நல்லது. முன்னாடி மேல் ஆத்துல இருந்து மரமும் பீப்பாய்ப் பலகையும் ஏத்திக்கிட்டு போற படகுங்க கீழ போய்ச் சேர்ந்ததும் திரும்பி வராது, எதிர் நீரோட்டத்துல இழுத்துட்டு வர்ற செலவுக்கு படகையே உடைச்சு விறகா வித்துட்டு படகோட்டி நடந்து ஊருக்கு வந்துடுவானாம். நீங்களும் தங்கச்சியும் கயாக் எடுத்துக்கலாம், ஆறு மெதுவாத்தான் போகும், ஆனா மே மாசம் மழை பெஞ்சிருந்தா தண்ணி வேகம் அதிகம், வாடகைக்குக் குடுக்கறவங்க வேண்டாம்னு சொன்னா கேட்டுக்கோங்க. தோம்னு மலைமேல ஒரு கோட்டை ஊர், 1281ல பிரெஞ்சு ராஜா கட்டினது, அங்க இருந்து பள்ளத்தாக்கு மொத்தமும் தெரியும், ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கிட்டே பாத்துட்டு வரலாம்.

சர்லாவுக்கு சந்தை நாள்ல போங்க, புதனும் சனியும், சனி பெருசு. ஒன்பது மணிக்கு முன்னாடி போயிடணும், பத்துக்கு மேல பார்க்கிங் கிடைக்காது. 1962ல மால்ரோ கொண்டு வந்த சட்டத்தால முதல்ல பழுது பாத்துக் காப்பாத்தின நகரங்கள்ல இது ஒண்ணு, அதான் சந்து சந்தா ஐநூறு அறுநூறு வருஷக் கட்டடம் அப்படியே நிக்குது. பழைய சாந்த் மரி சர்ச்சுக்கு ஆகாயத்தைத் தொடற மாதிரி ரெண்டு இரும்புக் கதவு போட்டு உள்ளயே காய்கறி சந்தை வச்சிருக்காங்க, அந்தக் கதவை டிசைன் பண்ணினவர் ஜான் நூவெல், உலகப் புகழ் கட்டடக் கலைஞர், வளந்தது சர்லாவுலதான். அழகான ஊர்தான், ஆனா ஜூலை ஆகஸ்ட்ல நிக்க இடம் இருக்காது, அப்ப யாராவது என்னைக் கேட்டா சர்லாவே வேணாம்னுதான் சொல்லுவேன்.

சரி, சாப்பாடு. மறைக்காம சொல்றேன், பிரான்ஸ்லயே சைவத்துக்கு ரொம்பக் கஷ்டமான ஊர் இதுதான்னு நினைக்கறேன். வாத்து, வாத்துக் கல்லீரல், வாத்துத் தொடை, மறுபடி வாத்து. ஃபுவா க்ராங்கறது வாத்தையோ கூஸையோ தொண்டையில குழாய் வச்சு மக்காச்சோளம் ஊட்டி ஊட்டி கல்லீரலைப் பெருக்க வச்சு எடுக்கறது, சந்தையில பாதிக் கடை அதுதான், அசைவக்காரங்களே நிறைய பேர் அதைத் தொடமாட்டாங்க. ஆபத்து தெரியறதுல இல்ல, தெரியாததுல. சர்லா உருளைக்கிழங்குன்னு பூண்டும் பார்ஸ்லியும் போட்டு மொறுமொறுன்னு வறுத்துக் கொண்டு வருவாங்க, வாசனை ஆளைத் தூக்கும், அது வாத்துக் கொழுப்புல வறுத்தது. என் மாமியார் ரெண்டு தட்டு சாப்பிட்டு முடிச்சதுக்கப்புறம்தான் எனக்கே தெரிஞ்சுது, இன்னிக்கு வரைக்கும் அவங்ககிட்ட சொல்லல. பூண்டு சூப் தூரேன்னு வரும், அதுலயும் பெரும்பாலும் அதே கொழுப்பு. சாலட்னு கேட்டாலும் மேல வாத்து இரைப்பை தூவியிருக்கும். அதனால "சான் வியாந்த், சான் புவாசோன், சான் க்ரேஸ் த கனார்"னு மூணையும் சேர்த்துச் சொல்லணும், மாமிசம் வேணாம், மீன் வேணாம், வாத்துக் கொழுப்பும் வேணாம்.

நிம்மதியா இருக்கணும்னா சமையலறை உள்ள வீடா வாடகைக்கு எடுங்க, அதுக்கு ஜீத்னு பேர், வாரக் கணக்குல நிறைய கிடைக்கும், மே மாசம் விலையும் குறைவு. பாரிஸ்ல கிளம்பறதுக்கு முன்னாடி லா ஷாப்பெல் தமிழ்க் கடைகள்ல அரிசி, பருப்பு, ரசப்பொடி, அப்பளம் வாங்கி டிக்கில போட்டுக்கோங்க, இந்த ஊர்ல கிடைக்காது. மத்தது சந்தையில அள்ளிக்கலாம். மே மாசம் பெரிகோர் ஸ்ட்ராபெரி வந்திருக்கும், வெள்ளை ஆஸ்பரகஸ் இருக்கும், வட்ட வட்டமா கபெகூன்னு ஆட்டுப்பால் சீஸ் இருக்கும், அதுல பாலை உறைய வைக்க கன்னுக்குட்டி இரைப்பையில இருந்து எடுக்கற ரென்னட் சேர்ப்பாங்களான்னு பாக்கறவங்கன்னா கேட்டு வாங்குங்க. வால்நட் கேக் கண்டிப்பா சாப்பிடுங்க. முட்டை போட்டிருக்கும், அது உங்க வீட்டுக் கணக்கு.

இன்னொண்ணு, மணி. பன்னிரண்டுல இருந்து ரெண்டு வரைக்கும்தான் மதியச் சாப்பாடு. ரெண்டு பத்துக்குப் போய் நின்னு ஒரு ஹோட்டல்ல பிரெட் துண்டு கூட கிடைக்காம திரும்பி வந்து கார்ல சிப்ஸ் சாப்பிட்டிருக்கேன், கெஞ்சினாலும் அடுப்பைப் பத்த வைக்க மாட்டாங்க. ஞாயிறு மதியத்துக்கு மேலயும் திங்கக்கிழமையும் முக்கால்வாசி கடை மூடி. மே மாசம் லீவு நாளும் ஜாஸ்தி, 1ஆம் தேதி எல்லாமே மூடல், 8ஆம் தேதி லீவு, அப்புறம் ஏசு விண்ணேற்ற நாள் வியாழக்கிழமைல வரும், ஜனங்க வெள்ளியையும் சேர்த்து லீவு போட்டுட்டு நீளமா கிளம்பிடுவாங்க. அந்த வாரத்தைத் தவிருங்க.

போற வழி. பாரிஸ்ல இருந்து நேரா கார்ல வந்தா 500 கிலோமீட்டருக்கு மேல, பெரியவங்களை வச்சுக்கிட்டு வேணாம். பாரிஸ் மொம்பர்னாஸ் ஸ்டேஷன்ல இருந்து போர்தோவுக்கு டிஜிவிங்கற அதிவேக ரயில்ல ரெண்டு மணி நேரம் சொச்சம், ஸ்டேஷன்லயே கார் எடுத்தா கிழக்க ரெண்டரை மணி நேரத்துல சர்லா பக்கம் போயிடலாம். போர்தோவுல இருந்து சர்லா வரைக்கும் சின்ன ரயிலும் இருக்கு, ஆத்தோரமா போகும், ஆனா இறங்கினதுக்கப்புறம் குகைக்கும் கோட்டைக்கும் பஸ் நம்பி போக முடியாது. ஆட்டோமேடிக் கார்னு முன்னாடியே சொல்லி புக் பண்ணுங்க, இல்லன்னா கியர் வண்டிதான் வரும், அதுவும் இடது பக்கம் ஸ்டியரிங், வலது பக்க ரோடு. கிராமத்துல வலது பக்க சந்துல இருந்து வர்ற வண்டிக்கு வழி விடணும், போர்டு எதுவும் இல்லன்னா சட்டம் அதுதான், டிராக்டர்காரர் உங்களைப் பாக்காமயே வந்துடுவாரு.

தங்கறதுக்கு சர்லாவுக்கும் லெஸேஸிக்கும் நடுவுல எந்தக் கிராமம்னாலும் சரி, சான் சிப்ரியான் பக்கம் எனக்குப் பிடிக்கும், ஞாயித்துக்கிழமை அங்கயே நல்ல சந்தை, சர்லா மாதிரி கூட்டம் இல்ல. ஒரு நாள் ரூஃபின்யாக்கும் லெஸேஸியும், ஒரு நாள் லாஸ்கோ, ஒரு நாள் சர்லா சந்தையும் தோமும், ஒரு நாள் மிலாந்தும் படகும். ஒரு நாளை சும்மா விடுங்க, அன்னைக்குத் தோட்டத்துல உக்காந்து அப்பா பேப்பர் படிக்கட்டும். திரும்பறப்ப நேரம் இருந்தா பெரிகே வழியா வாங்க, சான் ஃப்ரோன் தேவாலயத்தோட கும்மட்டங்களைப் பாத்தா பாரிஸ்ல இருக்கற சாக்ரே கேர் தேவாலயம் ஞாபகம் வரும், வரணும், ஏன்னா இதை 19ஆம் நூற்றாண்டுல புதுப்பிச்ச பால் அபாதிதான் அதையும் வரைஞ்சவர். அப்பா தபால் ஆபீஸ்ல வேலை பாத்தவர்னு எழுதியிருந்தீங்க, அவர்கிட்ட சொல்லுங்க, பிரான்ஸோட தபால் தலை எல்லாம் 1970ல இருந்து இந்த ஊரை ஒட்டித்தான் அச்சாகுது.

வாங்கிட்டு வர்றதுன்னா வால்நட் எண்ணெய். வறுத்த வால்நட் பருப்பைக் கல் செக்குல அரைச்சுப் பிழிஞ்சது கிடைக்கும், சமைக்கக் கூடாது, சூடு பண்ணினா கசந்துடும், சாலட் மேலயோ சுடு சோத்துல பருப்பு மேலயோ ஒரு ஸ்பூன் விட்டுக்கலாம், எங்க வீட்ல நெய்க்குப் பதிலா அதுதான் ஓடுது. சின்ன டின்னா வாங்குங்க, திறந்தா ஃப்ரிட்ஜ்ல வைக்கணும், சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். விமானத்துல செக்-இன் பெட்டியில போடுங்க, கையில எடுத்துட்டுப் போனா செக்யூரிட்டில பிடுங்கிடுவாங்க.